டைல்ஸ் கழற்றிய ஷவர் சுவர்: ஒட்டுப்போடலாமா, உரித்துப் பூசலாமா, போர்டு அடிக்கலாமா?

ஷவர் சுவரில் பழைய டைல்ஸைக் கழற்றினால் டைல்ஸ் மட்டும் தனியாக வருவதில்லை. கூடவே பூச்சும் பாளம் பாளமாக வந்துவிடும், ஜிப்சம் போர்டாக இருந்தால் அதன் தாள் கிழிந்து உள்ளே இருக்கும் மாவு கொட்டும். புது டைல்ஸ் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று, வேலைக்கு ஆளும் வந்தாயிற்று, இந்த நேரத்தில் சுவர் இப்படிப் பல்லிளித்தால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: விழுந்த இடத்தை மட்டும் அடைத்துவிட்டு மேலே போகலாமா, முழுக்க உரித்துப் புதிதாகப் பூச வேண்டுமா, சிமெண்ட் போர்டு அடித்துவிடலாமா? இன்னும் எதையும் கழற்றாதவர்கள் நான்காவதாக ஒன்றைக் கேட்பார்கள், பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டிவிட்டால் என்ன என்று.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரின் மேல்பாதி எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள், முழங்கால் உயரத்துக்குக் கீழே எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கிரவுட் (டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் கலவை) வழியாக உள்ளே போகும் தண்ணீர் டைல்ஸுக்குப் பின்னால் கீழே இறங்கி, தரையும் சுவரும் சேரும் இடத்தில்தான் தேங்கும், அங்கிருந்து பூச்சு அதை மறுபடி மேலே உறிஞ்சும். மேலே ஷவர் தலை பக்கத்தில் கல் மாதிரி இருக்கும் சுவர், அடியில் விரலால் தோண்டினாலே உதிரும். பெரும்பாலான ஒட்டுவேலைகள் தோற்றுப்போவது இந்த அடிப்பகுதியில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது உறுதி. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சுவரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். டக்கென்று கெட்டியான சத்தம் வந்தால் சரி, டொப்பென்று உள்ளே காலியாக இருப்பது போலக் கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவர் முனையால் கீறிப் பாருங்கள், கோடு மட்டும் விழுந்தால் நல்லது, பள்ளம் விழுந்து மணல் கொட்டினால் அந்தப் பூச்சுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. வட்டம் போட்டு முடித்தபின் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பாதி முடிவு தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஈரம், அதைவிட முக்கியமாக அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது. ஷவரைச் சில நாள் பயன்படுத்தாமல் விட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர் முத்துக்கள் நின்றால் சுவர் இன்னும் ஈரத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. கிரவுட் வழியாகப் போன தண்ணீர் என்றால் காலப்போக்கில் காய்ந்துவிடும். சுவருக்குள் குழாய் கசிந்தால் நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வீண்தான், முதலில் பிளம்பர் வந்தாக வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பல நாளாகத் தண்ணீர் நடமாட்டம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சுவர் எதனால் ஆனது. செங்கல் மேல் சிமெண்ட் பூச்சா, ஜிப்சம் பூச்சா, சட்டத்தில் அடித்த ஜிப்சம் போர்டா? இதைத் தெரிந்துகொள்ளாமல் பசை மூட்டையைப் பிரிக்கவே கூடாது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதன் மேல் நேராக சிமெண்ட் பசையைத் தடவி ஈரமும் சேர்ந்தால், சல்பேட்டும் சிமெண்டில் உள்ள அலுமினேட்டும் வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது வீங்கும்போது பசை சுவரிலிருந்து தகடு போலக் கழன்றுவிடும், டைல்ஸின் முதுகில் பசை அப்படியே அழகாக ஒட்டிக்கொண்டிருக்கும். பசை மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் பல பேருக்கு உண்மையில் நடந்தது இதுதான்.

நான்காவது மட்டம். அமெரிக்க ஏஎன்எஸ்ஐ தரநிலை, ஒரு பக்கமாவது 38 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமான டைல்ஸுக்கு 3 மீட்டர் தூரத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்கிறது, சின்ன டைல்ஸுக்கு அதே தூரத்தில் 6 மி.மீ. வரை விடுகிறது. அதாவது நீங்கள் வாங்கி வைத்திருக்கும் டைல்ஸின் அளவே சுவர் எவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. 60 செ.மீ. நீள டைல்ஸ் வாங்கிவிட்டு ஒட்டுப்போட்ட சுவரில் ஒட்ட நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எடை, தடிமன் இரண்டையும் அந்தந்த வழியைச் சொல்லும்போது பார்ப்போம். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது: வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை மூலைக்கு மூலை, தரையிலிருந்து ஷவர் தலைக்கு மேல் வரை, இடைவெளி விடாமல் அடிக்க முடியுமா? டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுப்பவை என்ற நம்பிக்கை எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. சிமெண்ட் கிரவுட் தண்ணீரை உள்ளே விடும். தடுக்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுதான்.

## வழி 1: விழுந்த இடத்தை மட்டும் அடைப்பது

எல்லோருக்கும் பிடித்த வழி இதுதான். வேலை குறைவு, தூசி குறைவு, சிறிய இடமாக இருந்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். சரியான சுவரில் செய்தால் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

சரியான சுவர் என்றால்? செங்கல் மேல் சிமெண்ட் பூச்சு, பொள்ளல் வட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றும், அடிப்பகுதி காய்ந்து கெட்டியாக இருக்கிறது. கழற்றும்போது உளி பட்டு விழுந்த பள்ளங்கள்தான் பெரும்பாலும். இப்படிப்பட்ட சுவரை முழுக்க உரிப்பது வீண் வேலை, நன்றாக இருக்கும் பூச்சைக் கொத்தும் அதிர்ச்சியில் மறுபக்கச் சுவரும் விரிசல் விடலாம்.

செய்யும் முறையில் ஒரு இடத்தில்தான் ஆட்கள் குறுக்குவழி தேடுகிறார்கள். பள்ளத்தின் ஓரம் தளர்ந்திருக்கும், அதை அப்படியே விட்டுவிட்டு நடுவில் கலவையை அப்பிவிடுவார்கள். ஓரத்தைக் கெட்டியான பூச்சு வரும்வரை வெட்டி, விளிம்பைச் சரிவாக விடாமல் நேராக நிறுத்தி, தூசியைத் தூரிகையால் துடைத்து, நனைத்து, பாலிமர் கலந்த பூச்சுக் கலவையால் அடைக்க வேண்டும். ஆழம் அதிகமென்றால் இரண்டு தடவையாக. டைல் பசையை வைத்தே பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்பார்கள். மூட்டையில் போட்டிருக்கும் அதிகபட்சத் தடிமனுக்குள் இருந்தால் சரி, அதைத் தாண்டினால் காயும்போது சுருங்கி டைல்ஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெயிண்டுக்கு அடியில் போடும் பட்டியால் அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அது டைல்ஸின் எடையையும் தாங்காது, ஈரத்தையும் தாங்காது.

பழைய பசையின் வரிகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அத்தனையையும் சுரண்ட வேண்டியதில்லை. கெட்டியாக இருந்தால் மேடுகளை மட்டும் தட்டையாக்கினால் போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். பத்து இடத்தில் அடைத்த சுவரை மட்டத்துக்குக் கொண்டுவர மேலே ஒரு மெல்லிய பூச்சு தேவைப்படும், அது காய வேண்டும், பிறகு மட்டப்பலகை வைத்தால் இன்னொரு பள்ளம் தெரியும். வட்டமிட்ட பகுதி சுவரில் கால்பங்கைத் தாண்டிவிட்டால் நான் ஒட்டுப்போடுவதை விட்டுவிடுவேன். இது எந்தத் தரநிலையும் அல்ல, என் கணக்குதான், ஆனால் அந்த அளவைத் தாண்டும்போது ஒட்டுவேலைக்கும் முழுப்பூச்சுக்கும் ஆகும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது, பலன்தான் ஒன்றாக இருப்பதில்லை. அடிப்பகுதி மட்டும் கெட்டிருந்தால் கீழே இரண்டு மூன்று அடியை மட்டும் நேர்கோடாக வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசி, மேலே பழையதை வைத்துக்கொள்ளலாம். பலருக்கும் தோன்றாத நடுவழி இது.

ஜிப்சம் போர்டுக்கு இந்த வழி கிடையாது. தாள் கிழிந்த போர்டில் சீல் அடித்து ஒட்டலாம் என்று ஆலோசனை சொல்வார்கள், ஷவருக்குள் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

## வழி 2: பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டுவது

சுவர் கெட்டுப்போனதால்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்த வழி உங்களுக்கு அநேகமாக இல்லை. டைல்ஸ் தட்டும்போது பொள்ளல் கேட்கிறது, தரையோரம் பூஞ்சை, அடுத்த அறைச் சுவரில் ஈரம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மேலே ஒட்டுவது நோயை மூடிவைப்பதுதான்.

டைல்ஸ் பழசாகிப் பிடிக்காமல் போய்விட்டது, ஒன்றிரண்டு விரிசல், மற்றபடி எல்லாம் கெட்டி என்றால் செய்யலாம். சோப்புப் படிவையும் சுண்ணாம்புப் படிவையும் முழுக்க நீக்கி, மேற்பரப்பைத் தேய்த்து மங்கலாக்கி, பிடிப்புக்கான ப்ரைமர் அடித்து, பாலிமர் கலந்த சிமெண்ட் பசையால் ஒட்ட வேண்டும். ஈஎன் 12004 தரநிலையில் சி2 என்று குறித்திருக்கும் வகை. டப்பாவில் குழைத்தே வரும் பசை இங்கே ஆகாது, அது காய்வதற்குத் தண்ணீர் வெளியேற வேண்டும், முன்னும் பின்னும் பளபள டைல்ஸ் இருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

எடைக் கணக்கு: 8 மி.மீ. செராமிக் டைல்ஸ் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ, பசையோடு 20. பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 5385, ஜிப்சம் பூச்சு தாங்கக்கூடியது பசையும் கிரவுட்டும் சேர்த்து 20 கிலோ என்கிறது, ஜிப்சம் போர்டுக்கு 32. ஒரே ஒரு அடுக்கு டைல்ஸே ஜிப்சம் பூச்சின் எல்லையைத் தொட்டுவிடுகிறது, இரண்டாவது அடுக்குக்கு அங்கே இடமே இல்லை.

தடிமனும் ஒரு தலைவலி. சுவர் 12 மி.மீ. முன்னால் வந்துவிடும், ஷவர் குழாயின் வால்வு உள்ளே புதைந்துவிடும், கதவுச் சட்டத்தோடு ஓரம் ஒத்துவராது, கண்ணாடித் தடுப்பு பழைய அளவுக்குப் பொருந்தாது. நீட்டிப்புத் துண்டு கிடைக்கும் வால்வா என்று முதலில் பாருங்கள்.

## வழி 3: செங்கல் வரை உரித்துப் புதிதாகப் பூசுவது

செங்கல் சுவரில் அடிப்பகுதி கெட்டிருந்து, பொள்ளல் பரவியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். குழாய்களைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், சுவரைத் தூக்குக் குண்டு பிடித்து நேராக்கலாம், பெரிய டைல்ஸ் ஒட்டலாம், வாட்டர்ப்ரூஃபிங் சுத்தமான பரப்பில் உட்காரும். ஜிப்சம் பூச்சாக இருந்தாலும் ஷவருக்குள் அதை எடுத்துவிட்டு சிமெண்ட் பூச்சுக்கு மாறிவிடுவது நல்லது.

இடிபாட்டைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. டைல்ஸ் 16 கிலோ, 15 மி.மீ. பூச்சு சுமார் 30 கிலோ, ஆக சதுர மீட்டருக்கு 45 கிலோவுக்கு மேல். மூன்று பக்கமும் 90 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள சின்ன ஷவருக்கே கிட்டத்தட்ட 240 கிலோ. மாடியில் இருக்கிறீர்கள் என்றால் இதைச் சுமந்து இறக்க ஆள் வேண்டும், கொட்ட இடம் வேண்டும். தரை வடிகாலைத் துணியும் பலகையும் போட்டு மூடாமல் வேலை தொடங்கினால் வடிகாலைத் திறக்கவும் தனியாக ஆள் வேண்டும். கொத்தும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு, கைக்குட்டை கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. பழைய கட்டடமாக இருந்து, சுவரில் போர்டோ கறுப்புப் பசையோ தெரிந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

இன்னொரு மறைமுகச் செலவு தரை. சுவரின் அடியைக் கொத்தும்போது தரையின் வாட்டர்ப்ரூஃபிங் மேலேறி வந்திருக்கும் ஓரம் கிழியும். தரையை மாற்றப் போவதில்லை என்று நினைத்தவர்கள் இங்கேதான் திட்டத்தை மாற்ற நேரிடும். அந்த ஓரத்தைச் சேர்த்து மூட முடியாவிட்டால் தரையின் முதல் வரிசை டைல்ஸையாவது எடுத்தாக வேண்டும்.

பூசும்போது ஒரு தடவைக்கு 15 மி.மீ.க்கு மேல் ஏற்றக் கூடாது, மேல்பூச்சு அடிப்பூச்சைவிட வலுவான கலவையாக இருக்கக் கூடாது (வலுவானது அதிகம் சுருங்கும், பலவீனமானதைப் பெயர்த்துக்கொண்டு வரும்), கடைசிப் பரப்பைக் கண்ணாடி போல மழமழவென்று தேய்க்கவும் கூடாது, டைல் பசை பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். பெயிண்ட் அடிக்கும் சுவர் பூசிப் பழகிய கை தன்னையறியாமல் தேய்த்துவிடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம் காத்திருப்பு: ஒரு வாரம் நனைத்து ஆற்றி, மேலும் ஒரு வாரமாவது காயவிட வேண்டும். வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால் இந்த இரண்டு வாரம்தான் உண்மையான விலை.

## வழி 4: போர்டு அடிப்பது

சட்டம் அடித்துக் கட்டிய சுவரில், ஜிப்சம் போர்டு ஊறிவிட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், கழற்றிவிட்டு சிமெண்ட் போர்டு. பச்சை நிற ஈரம் தாங்கும் ஜிப்சம் போர்டு போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சமையலறைச் சுவருக்கு ஆகும், நேராகத் தண்ணீர் விழும் ஷவருக்கு ஆகாது.

போர்டைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் சட்டத்தைப் பாருங்கள். மரச்சட்டத்தின் அடிக்கட்டை கறுத்து, ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் அதையும் மாற்ற வேண்டும், போர்டு வேலை தச்சு வேலையாக மாறும் இடம் இது. ஸ்க்ரூ 20 செ.மீ. இடைவெளியில், துருப்பிடிக்காத வகை. போர்டுகளுக்கு இடையே 3 மி.மீ. விட்டு, காரம் தாங்கும் கண்ணாடியிழை வலை டேப்பும் பசையும் வைத்து மூட வேண்டும். அடியில் தரையையோ ஷவர் தட்டையோ தொடாமல் சற்று மேலே நிறுத்த வேண்டும், தொட்டால் விளக்குத் திரி போலத் தண்ணீரை மேலே இழுக்கும்.

சிமெண்ட் போர்டு தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. இந்த வித்தியாசம் தெரியாமல் போர்டு மேலேயே நேராக டைல்ஸ் ஒட்டி முடித்துவிடுகிறார்கள். மேலே வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு வேண்டும், இல்லையென்றால் போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் வேண்டும். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் போட்டால் நடுவில் மாட்டும் ஈரம் வெளியேற வழியில்லை. நுரை நிரப்பிய இலேசான போர்டுகளில் தடுப்பு உள்ளேயே இருக்கிறது, இணைப்புகளையும் ஸ்க்ரூ தலைகளையும் மட்டும் மூடினால் போதும், விலை அதிகம், வேலை மிக விரைவு.

செங்கல் சுவரிலும் போர்டு அடிக்கலாம். உரித்துவிட்டோம், இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு இது நல்ல மாற்று. ஈரம் முழுக்கக் காயாத செங்கல்லை இதனால் மறைத்துவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | அடைப்பது | மேலே ஒட்டுவது | உரித்துப் பூசுவது | போர்டு |
|---|---|---|---|---|
| எப்போது | சிதறிய சிறு சேதம், அடி கெட்டி | சேதமே இல்லாத பழைய டைல்ஸ் | பரவிய பொள்ளல், ஊறிய அடி | சட்டச் சுவர், அல்லது அவசரம் |
| காத்திருப்பு | சில நாள் | ப்ரைமர் காயும்வரை | சுமார் இரண்டு வாரம் | ஓரிரு நாள் |
| மறைந்த செலவு | மட்டப்படுத்தும் நேரம் | வால்வு, ஓரம், எடை | இடிபாடு, தரை ஓரம் | அழுகிய சட்டம், வாட்டர்ப்ரூஃபிங் |
| பெரிய டைல்ஸ் | கடினம் | பழைய மட்டத்தைப் பொறுத்தது | நன்றாக வரும் | நன்றாக வரும் |

ஒரே ஷவருக்குள் இரண்டு வழி கலந்து வருவதுதான் நடைமுறையில் அதிகம். இரண்டு பக்கம் செங்கல், ஒரு பக்கம் போர்டு என்றால் அந்தந்தச் சுவருக்கு அதற்கேற்ற வழி, அதில் தவறில்லை. இரண்டும் சேரும் மூலை தனித்தனியாக அசையும் என்பதால் அங்கே வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுக்குள் டேப் வைத்து, டைல்ஸ் ஒட்டியபின் கிரவுட்டுக்குப் பதில் சிலிகான் போடுங்கள்.

எந்த வழியாக இருந்தாலும், குழாயைச் சுவருக்குள் மறைப்பதற்கு முன் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு தடவை, முடிந்தால் இரண்டு நிறத்தில், விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும். டைல்ஸ் ஒட்டும்போது நடுவில் ஐந்து உருண்டை பசை வைத்து அழுத்தும் பழக்கத்தை ஷவருக்குள் விடக் கூடாது, ஈரமான இடங்களில் டைல்ஸின் முதுகில் 95 சதவீதமாவது பசை படிய வேண்டும் என்பது ஏஎன்எஸ்ஐ கணக்கு. ஒட்டிய முதல் சில டைல்ஸில் ஒன்றைப் பசை காய்வதற்குள் பெயர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தரை ஓரத்தைத் தொட்டு வேலை நடந்திருந்தால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருந்தால் டைல்ஸ் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, சுவரும் தரையும் சேரும் ஓரத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.